ஏழு பேருக்கு ஒரு மூச்சு

துருத்திக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், 'பாவம், யாரையோ தேடுகிறார்கள்' என்று அவனும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பான். கொல்லன் உலையில் காற்றடிக்கும் தோல்பைக்குத்தான் துருத்தி என்று பேர். அந்தப் பை கையும் காலும் முளைத்து, கைலி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருப்பான். நெஞ்சு அரைக் கதவு அகலம். அதற்குக் கீழே, மிச்சமிருந்த சாமானை வைத்து முடித்த மாதிரி இரண்டு குச்சிக் கால்.

சின்ன வயதில் காற்றடைக்கும் ரப்பர் மெத்தை ஒன்றை நாலே ஊதலில் எழுப்பி, அதன் மேலேயே படுத்துக் குறட்டை விட்டான் என்பார்கள். நாலா நாற்பதா என்று துருவிக் கேட்டால் சொல்கிறவருக்குக் கோபம் வரும். குறட்டை மட்டும் சத்தியம். அதனால்தான் அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. கட்டிடத்தில் அவன் அறைக்கு இரண்டு பக்கமும் குடிவந்தவர்கள் நிலைத்ததில்லை.

அவனுக்கு மூச்சு என்பது விளையாட்டுச் சாமான். குழாயடியில் குனிந்திருப்பவன் காதில் பின்னாலிருந்து ஊதுவான். மேஸ்திரி சிகரெட் பற்றவைக்கும்போது மூன்று கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு தீக்குச்சியை அணைப்பான். ஒன்று, இரண்டு, மூன்று குச்சி போகும்.

"இலைகூட ஆடல. எங்கேருந்துடா காத்து வருது?" என்று மேஸ்திரி வானத்தைத் திட்டுவார்.

"புயல் சின்னம் மேஸ்திரி. ரேடியோல சொன்னான்" என்று கல்லுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

ஷெட்டில் வேலை சமையல்மேடைக் கல் வெட்டுவது. மலையில் பிறந்த கல் அல்ல. கல்லைப் பொடியாக்கி, பசையைக் கலந்து, அழுத்திச் செய்த பலகைக் கல். பார்க்கும்போது மணப்பெண் மாதிரி மினுக்கும். பிளேடு பட்டதும் பேய்.

தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. பெரிய மெஷினில் நீளத்துக்கு அறுக்கும்போது தண்ணீர் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டி உட்காரக் குழி வெட்டுவது கை மெஷினில். அதற்குப் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் பட்டால் கோடு அழியும். அழியாவிட்டாலும் சேறு மூடும். ஒரு நூல் பிசகினால் பலகையே குப்பைக்குப் போகும், வெட்டினவனும் கூடவே போகவேண்டியதுதான். அதனால் குழி வெட்டும்போது தண்ணீர்க் குழாயைத் திருகி மூடிவிடுவார்கள். இப்போது சேறு இல்லை, தூள். அது கோட்டின் மேல் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ளும். ஒருவன் குனிந்து அதை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்குழாய் ஒன்று இருந்தது. அது எப்போதும் வேறு எவன் கையிலாவது இருக்கும்.

அந்த வேலைக்கென்றே அளவெடுத்துப் பிறந்தவன் துருத்தி. மூக்குத் துணியைத் தாடைக்கு இறக்குவான். ஒரு ஊது. வகிடு எடுத்த மாதிரி கோடு பளிச்சென்று தெரியும். வெட்டுகிறவன் கையை நிறுத்தவே வேண்டாம். நாளெல்லாம் அவனை இங்கேயும் அங்கேயும் கூப்பிட்டபடி இருப்பார்கள். "துருத்தி, இங்க ஒரு ஊது!" "டேய், எனக்கு ஒண்ணு!" அவனும் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி ஒவ்வொரு மேடையாக ஊதிக்கொண்டு போவான்.

மூச்சுக்கு அந்த ஷெட்டில் தனி அகராதியே இருந்தது. முதலில் வருவது செருமல். அது எல்லோருக்கும் உண்டு; செருமாதவனைப் புது ஆள் என்பார்கள். அடுத்தது படி இளைப்பு. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி நடிப்பது. அடுத்தது பேச்சு இளைப்பு. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் பிஸ்கட்டை உடைக்கிற மாதிரி இரண்டாக உடைத்துச் சொல்வது. அதற்கும் அடுத்தது குந்து இளைப்பு. சும்மா குந்தியிருக்கும்போதே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது. அதற்கு மேல் உள்ளதற்கு அகராதியில் சொல் இல்லை. "அவன் லீவுல இருக்கான்" என்று மட்டும் சொல்லுவார்கள். அந்த லீவு முடிந்து எவனும் திரும்பி வந்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளை வண்டி ஒன்று வரும். ஊதல் வண்டி என்று பேர். உள்ளே ஒரு நர்ஸம்மா, ஒரு மெஷின், அட்டைக் குழாய். மூச்சை முழுசாக இழுத்து, குழாயைக் கவ்வி, உள்ளே ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் ஊத வேண்டும். திரையில் ஒரு மலை எழும்பும். மலை உயரமாக இருந்தால் வேலைக்குத் தகுதி. குட்டையாக இருந்தால் மெஷினை விட்டு இறக்கி நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு கேட்டில் உட்காரும் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த 'போகலாம்' இருக்கிறதே, அதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

அப்படி ஒரு வருஷம் வண்டி வந்தபோது பல்லன் என்று ஒருவன் துருத்தியைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். சிரித்தால் பல், சிரிக்காவிட்டாலும் பல். அதனால் அந்தப் பேர்.

"எனக்காக ஒரு தடவை ஊதிட்டு வாடா. உன் மூச்சுல பாதி போதும் எனக்கு."

"மூஞ்சி?"

"எந்த மூஞ்சி? நம்மள்ல எவனுக்கு மூஞ்சி இருக்கு?"

அது வாஸ்தவம். வேலை நேரத்தில் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல்நிறம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. பெற்ற தாய் வந்தாலும் வரிசையில் நிற்க வைத்துத் தட்டிப் பார்த்துத்தான் அழைத்துப் போக வேண்டும். துருத்தி பல்லன் பேரில் போனான், ஊதினான், தகுதி என்று வாங்கிக்கொண்டு வந்தான். எவனோ கேள்விப்பட்டான். அடுத்த வருஷம் பல்லனோடு சேர்த்து ஆறு பேருக்காக ஊதினான். கடைசியாகத் தன் பேருக்கும் ஒன்று. அவனுக்கு அது படு குஷி. ஒருவன் பேரில் நொண்டிக்கொண்டு போவான், இன்னொருவன் பேரில் மூக்கால் பேசுவான். ஒரு தடவை நர்ஸம்மாவிடம் தன்னைப் பற்றியே, "அந்தத் துருத்தி ஒரு திருட்டுப் பய, நம்பாதீங்க" என்று போட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். வெளியே யாரும் மூச்சு விடவில்லை. விடுவதற்குத்தான் அவன் இருந்தானே.

போன வருஷம் பல்லன் லீவில் போனான்.

என்ன ஏது என்று கேட்க உறவுக்காரர்கள் நாலு பேர் ஷெட்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி உள்ளே போய் பல்லன் பேரில் இருந்த மலையைக் கொண்டுவந்து காட்டினார். "பாருங்க. நெஞ்சு குதிரை மாதிரி இருந்திருக்கு. இந்த மூச்சை வெச்சுக்கிட்டு செத்தவன் கல்லால சாகல. வீட்டுல என்ன நடந்துச்சோ, அங்க விசாரிங்க." உறவுக்காரர்கள் அந்த மலையைப் பார்த்தார்கள். எதிர்த்துச் சொல்ல அவர்களிடம் வேறு மலை இல்லை. பக்கத்தில் நின்ற துருத்தி அன்றைக்கு ஒரு ஜோக் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பாதியிலேயே அவனும் நிறுத்திக்கொண்டான்.

இந்த வருஷம் மாப்பிள்ளையின் முறை மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை என்றால் துருத்தியின் தங்கை புருஷன். அதே ஷெட்டில் குழி வெட்டுகிறவன். சாது. துருத்தி பத்து வார்த்தை பேசினால் அவன் அரை வார்த்தை பேசுவான். அந்த அரையும் 'ம்' என்றுதான் இருக்கும். தங்கையை அவனுக்குக் கட்டி வைத்தது துருத்தி. அவனை ஷெட்டில் சேர்த்துவிட்டதும் துருத்திதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் மார்தட்டிக்கொண்டான். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். அவன் அறை மேலே, அவர்கள் அறை கீழே.

வண்டி வருவதற்கு முந்தின ராத்திரி சாப்பிடும்போது தங்கை கரண்டியைத் தரையில் வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது.

"அண்ணே, இவரு படுத்துத் தூங்கியே ரெண்டு வாரமாச்சு. சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குறாரு."

"தவம் பண்றான் விடு. வரம் வாங்கினா நமக்கும் பங்கு."

"சிரிக்காதே! முதுகுக்கு இருக்கிற தலகாணி எல்லாம் வெச்சுட்டேன், பத்தல. பல்லன் அண்ணனும் கடைசியில இப்படித்தான் உக்காந்திருந்தாருன்னு அவரு வீட்டு அக்கா சொல்லுது."

இரண்டு பேரும் தட்டிலிருந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஊதல் வண்டி வருதாமே. நல்லா பாக்கச் சொல்லுங்க. போன வருஷம்கூட மாடியேற முடியாமத்தான் இருந்தாரு. அப்படியும் தகுதின்னு போட்டு அனுப்பியிருக்கானுங்க. எவன் கண்ணை எங்க வெச்சு பாத்தானோ, அவன் நாசமா போக!"

நாசமாகப் போக வேண்டியவன் குனிந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடினான்.

கை கழுவ வெளியே வந்தபோது மாப்பிள்ளை துருத்தியின் கையைப் பிடித்தான்.

"மச்சான்... இந்த வருஷம்... நானே ஊதுறேன்."

"நீ ஊதினா மெழுகுவத்திகூட அணையாது மாப்ளே."

"அதான்... வேணும்." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தான். "பாத்துட்டு... இறக்கி விடட்டும். பல்லன் மாதிரி... மெஷின் மேலயே... வேணாம்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி துருத்தி கேட்டதில்லை. ஏதாவது கிண்டல் செய்ய வாயைத் திறந்து, "சரி" என்றான்.

வண்டி காலையில் வந்தது. புது நர்ஸம்மா. கண்ணாடி போட்டவள். "இழுங்க, இழுங்க, இழுங்க, இப்போ ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க!" என்று ஓட்டப்பந்தயத்தில் கத்துகிறவள் மாதிரி கத்தினாள். மேஸ்திரி வண்டிக்குள்ளேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பேர் ஆரம்பத்திலேயே வந்தது. அவன் படியேறி உள்ளே போனான். துருத்தி திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், வண்டியின் அழகை ரசிக்கிறவன் போல ஒட்டி நின்றான்.

மாப்பிள்ளை ஊதினான். திரையில் மலை எழும்பவில்லை. எறும்புப் புற்றுகூட எழும்பவில்லை. இருமல் வந்து அவனை இரண்டாக மடித்துப் போட்டது.

நர்ஸம்மா பொத்தானை அமுக்கிப் போன வருஷத்து மலையை வரவழைத்தாள். கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"போன வருஷம் இவ்வளவு உயரம் ஊதியிருக்கீங்க. ஒரே வருஷத்துல மனுஷன் இப்படி இறங்க மாட்டான். என்ன இது?"

"நடிப்பு மேடம்" என்றார் மேஸ்திரி. "ரெண்டு மாசமா கேட்டுல உக்கார்ற வேலை வேணும்னு நச்சரிச்சுக்கிட்டு இருக்கான். இருமல் எல்லாம் ஒத்திகை பாத்துட்டு வந்திருக்கான்."

"இ... இல்ல..." என்றான் மாப்பிள்ளை.

"முழு மூச்சா ஊதுங்க. இல்லன்னா ஒத்துழைக்கலன்னு எழுதி, போன வருஷத்து அளவையே வெச்சுக்கச் சொல்லிடுவேன். அதுக்கு அப்புறம் நீங்க அடுத்த வருஷம்தான் ஊத முடியும்."

அடுத்த வருஷம். துருத்தி அகராதியைப் புரட்டிப் பார்த்தான். செருமல், படி, பேச்சு, குந்து. மாப்பிள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வருஷம் அந்தப் புத்தகத்திலேயே இல்லை.

இரண்டே எட்டில் வண்டிக்குள் ஏறினான்.

"நர்ஸம்மா, அது என் மூச்சு."

"எது?"

"அந்த மலை. போன வருஷம் இவன் பேர்ல நான்தான் ஊதினேன். அதுக்கு முந்தின வருஷமும் நான்தான். இவன் எங்க ஊதினான்? இவனுக்கு டீயே ஊதிக் குடிக்க வராது."

"டேய் துருத்தி, இறங்குடா கீழே" என்றார் மேஸ்திரி. அவர் முகம் கல் தூள் இல்லாமலே வெளுத்தது.

நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நெஞ்சைப் பார்த்ததும் பாதி நம்பிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "சரி, உக்காருங்க. நீங்கதான்னா அதே மலை இப்பவும் வரணும். வந்தா நம்புறேன்."

இவ்வளவுதானா? துருத்திக்குச் சிரிப்பே வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தான். குழாயைக் கையில் வாங்கி, கச்சேரிக்கு உட்கார்ந்த நாயனக்காரன் மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டான். மூச்சை இழுத்தான்.

இழுப்பறை ஒன்று பாதி திறந்து ஏதோ மாட்டிக்கொண்டு நின்றுவிடுமே, அந்த மாதிரி மூச்சு பாதியில் நின்றது. இன்னும் இழுத்தான். வரவில்லை. சரி, இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம் என்று குழாயைக் கவ்வி ஊதினான்.

மலை எழுந்தது. பாதி ஏறியதும், கால் வலித்தவன் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"குழாய் ஓட்டை" என்றான் துருத்தி.

நர்ஸம்மா வேறு குழாய் தந்தாள். மறுபடி ஊதினான். அதே பாதி. கண்ணில் பூச்சி பறந்தது. யாரும் சொல்லாமலே மூன்றாவது தடவையும் கவ்வினான். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. அதே பாதி.

மேஸ்திரி கை தட்டினார். "ரெண்டு பேரையும் நாடகத்துல சேத்துவிடலாம். அவனாவது ஒரு தடவை நடிச்சான், இவன் மூணு தடவை."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. மூன்று மலையையும் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். மூன்றும் ஒரே கோடாகிவிட்டது. "நடிக்கிறவனுக்கு ஒரே மாதிரி மூணு தடவை நடிக்க வராது மேஸ்திரி. ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும்" என்றாள். மாப்பிள்ளையை நகர்த்தி உட்காரவைத்து, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, அவனையும் மூன்று தடவை ஊத வைத்தாள். மூன்று எறும்புப் புற்றும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன.

பிறகு மாப்பிள்ளை பேரில் இருந்த பழைய மலைகளை வருஷ வரிசையில் நிறுத்தினாள். முந்தின வருஷம் உயரம். போன வருஷம் கொஞ்சம் குட்டை. ஆனாலும் தகுதிக் கோட்டுக்கு மேலே. துருத்தி பக்கம் திரும்பினாள். "உங்க மூச்சு வருஷா வருஷம் கரைஞ்சிருக்கு. பக்கத்துல வெச்சுப் பாக்கத்தான் ஆளில்ல" என்றாள். அவள் குரலில் இப்போது பந்தயக் கத்தல் இல்லை. "நீங்க என்ன வேலை செய்றீங்க இங்க?"

"கோடு ஊதுவேன்."

"அப்படின்னா?"

"தூள் கோட்டை மூடும். குனிஞ்சு ஊதினா கோடு தெரியும். எல்லா மேடைக்கும் நான்தான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். பழக்கம்.

"ஊதி முடிச்சதும்?"

"ஊதி முடிச்சதும் என்ன? மூச்சு இழுப்பேன்."

"எங்கேருந்து?"

துருத்தியின் கை தாடைக்கு இறங்கியிருந்த மூக்குத் துணிக்குப் போனது. ஊதின வேகத்தில் எழும்பிய தூள் மேகத்தின் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை... மற்றவர்களாவது மூக்குத் துணியோடு இருந்தார்கள்.

மாப்பிள்ளை அவன் முழங்கால் மேல் கையை வைத்தான். "ம்" என்றான்.

நர்ஸம்மா இரண்டு பேரையும் மெஷினை விட்டு இறக்கச் சொல்லி எழுதினாள். மறுநாள் காலை நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு மேஸ்திரியிடம், "மிச்ச எல்லாரையும் முகம் கழுவிட்டு வரச் சொல்லுங்க. யாரு ஊதுறாங்கன்னு நான் பாக்கணும்" என்றாள்.

குழாயடியில் கூட்டம் சேர்ந்தது. துருத்தி அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

"காட்டிக் கொடுத்துட்டியேடா."

"உன் மாப்ளைக்கு முடியலன்னா நாங்க எல்லாரும் வேலையை விட்டுப் போகணுமா?"

"இனிமே எங்க வீட்டு அடுப்பை நீ வந்து ஊதுவியா, துருத்தி?"

கடைசியாகக் கேட்டவனுக்காகத் துருத்தி இரண்டு வருஷம் ஊதியிருக்கிறான். அவன் பேரில் போகும்போது அவனைப் போலவே இடது தோளைச் சாய்த்துக்கொண்டு போவான். இப்போது அந்தத் தோள் சாய்ந்தவன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். சாம்பல் வழிந்து உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது. கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாய்ந்த முகம். பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது இன்னொன்று. ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். அப்புறம் யாரும் திட்டவில்லை. வண்டியிலிருந்து பேர் கூப்பிட்டார்கள். எவனும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். தோள் சாய்ந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் மூச்சை எடுத்துக்கொண்டு தானே போனான்.

மச்சானும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். தங்கை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலை நாளில், நடுப்பகலில், கழுவின முகத்தோடு அவர்களை அவள் பார்த்ததே இல்லை. கையிலிருந்த துணி நழுவியது.

"யாரு?" என்றாள். யார் செத்தது என்று கேட்கிறாள்.

"யாரும் இல்ல. உள்ள வா" என்றான் துருத்தி.

உள்ளே வைத்துச் சொன்னான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான். நாலு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அவள் அண்ணனின் நெஞ்சையே பார்த்தாள். பேச்சு இளைப்பு என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. பார்க்கத் தெரியும், வீட்டிலேயே ஒன்றை வைத்திருக்கிறாளே.

"அப்போ போன வருஷமே இவரை இறக்கி விட்டிருப்பாங்க."

"ம்."

"அதுக்கு முந்தின வருஷமே."

துருத்தி தலையைத் தொங்கப்போட்டான். ஓங்கி ஒன்று விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். விழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தபடி, "நான்தான்... ஊதச் சொன்னேன்" என்றான்.

"நீங்க பேசாதீங்க. பேசினா இளைக்கும்" என்றாள். தலையணைகளை இழுத்து அவன் முதுகுக்குக் கொடுத்தாள். தலையணை சரியாக உட்கார்ந்தது. அண்ணன் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "வேற யாருக்கெல்லாம் ஊதினே?"

சொன்னான்.

"அவங்க பொண்டாட்டிங்களுக்குத் தெரியுமா?"

"இன்னைக்கு அவனவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவான்."

"நீங்க சொன்னீங்களா, இவ்வளவு நாள்? அவங்களும் சொல்ல மாட்டாங்க. செருமிக்கிட்டே சாப்பிட்டு முடிச்சுட்டு, வண்டி வரலன்னு சொல்லிடுவாங்க." வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். "எழுந்திரு. நாமளே போய்ச் சொல்லிட்டு வருவோம். முதல்ல பல்லன் அண்ணன் வீடு."

"அங்க வேணாம். அவன்தான் போயிட்டானே. இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அந்த அக்காவைத் தண்ணி பிடிக்கிற இடத்துல பாக்கும்போதெல்லாம் ஒண்ணையே சொல்லுது. அன்னைக்குக் குளிருதுன்னு ஜன்னலைச் சாத்தினேன், காத்து இல்லாம போயிட்டாருன்னு. நெஞ்சு நல்லா இருந்துச்சுன்னு உங்க ஆளுங்க சொன்னாங்களாம். அப்போ ஜன்னல்தானே காரணம்? ஒரு வருஷமா கொலைகாரி மாதிரி நடமாடுது அது. எழுந்திருடா."

'டா' என்று தங்கை அவனைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்தான்.

இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒற்றை அறை. கதவும் ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. காற்றில் நாள்காட்டித் தாள் படபடத்தது. பல்லன் பொண்டாட்டி மேஜையில் யார் வீட்டுத் துணியையோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாடி, வா. என்ன, அண்ணனும் தங்கச்சியும் ஊர்வலமா?"

"அக்கா, இவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

துருத்தி நின்றுகொண்டே சொன்னான். கிண்டல் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. அந்த மலை அவனுடையது என்று சொன்னான். பல்லன் நெஞ்சு குதிரை மாதிரி இருக்கவில்லை, அதில் கல் இருந்தது, அதை யாரும் பார்க்க முடியாதபடி தானும் பல்லனும் சேர்ந்து மறைத்தோம் என்று சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். துணியில் ஒரு இடம் லேசாகப் பழுத்திருந்தது.

"அப்போ ஜன்னலால இல்லையா?"

"இல்லக்கா. என்னால."

"கல்லால" என்றாள் தங்கை. "அப்புறம்தான் இவனால."

பல்லன் பொண்டாட்டி பழுத்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று துருத்தி எதிர்பார்த்தான். கடைசியில் நிமிர்ந்தபோது அவள் பார்த்தது அவன் நெஞ்சைத்தான். நடந்து வந்த இளைப்பு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. சட்டைப் பொத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கும் வந்துடுச்சா?"

தலையை ஆட்டினான்.

"இன்னும் எத்தனை வீடு இருக்கு?"

"நாலு."

"அவங்க உயிரோட இருக்காங்கல்ல?"

"இருக்காங்கக்கா."

"அப்போ இங்க ஏன் நிக்குறே? போ."